மிக்ஸியும் பிரிண்டரும் பன்னேர்கட்டா ரோடும்

நம்ம ஊர் மிக்ஸியின் வரலாறு ஒரு ரிப்பேரில்தான் தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், ரிப்பேர் செய்ய முடியாமல் போனதில்.

1960-களின் தொடக்கம். பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி மாத்தூரிடம் பிரான் என்ற ஜெர்மன் கம்பெனியின் மிக்ஸர் ஒன்று இருந்தது. அது ஒருநாள் படுத்துவிட்டது. இந்தியாவில் அதற்கு சர்வீஸ் கிடையாது. கேக் மாவு கலக்கவும் பழச்சாறு அடிக்கவும் செய்த மிஷினில் உளுந்தையும் மிளகாயையும் போட்டு அரைத்தால் வேறென்ன ஆகும்? மாத்தூர் வேறு மிக்ஸி வாங்க அலையவில்லை. நம் சமையலைத் தாங்குகிற மோட்டாரோடு தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். 1963-ல் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் சுமீத். எங்கள் தலைமுறைக்கு மிக்ஸி என்றாலே சுமீத்தான், ஜெராக்ஸ் மாதிரி.

(கோயம்புத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெட் கிரைண்டர் அதற்கும் முந்தியது. 1955-ல் கோவையில் பி. சபாபதி செய்தது. பின்னாளில் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.)

நான் வங்கிக்காரன். படித்தது பி.காம். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவும் தெரியாது, புரோகிராம் எழுதவும் தெரியாது. ஆனால் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறார், காரைக்குடி பக்கம். பகலில் அவுட்டர் ரிங் ரோட்டில் சாஃப்ட்வேர் வேலை. ராத்திரி ஓப்பன் சோர்ஸ் என்று சம்பளமில்லாத சாஃப்ட்வேர் வேலை. சனிக்கிழமையானால் அக்கம்பக்கத்து மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் எல்லாம் அவர் வீட்டு பால்கனியில். "ஏன் தம்பி இதெல்லாம் சம்பந்தமில்லாம?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே வேலைதான் சார். ஆரம்பிச்சதே ஒரு ரிப்பேர்லதான்" என்றார். அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

ஓப்பன் சோர்ஸ் கதையும் ஒரு மிஷின் மக்கர் செய்ததில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடம், 1980 வாக்கில். அங்கே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர். பழைய பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கும். பிரிண்டர் வேறு மாடியில். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாலு பக்கம் அடித்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருக்கும். பேப்பர் சிக்குவதை ஸ்டால்மனால் நிறுத்த முடியவில்லை. ஆனால் பிரிண்டரை இயக்கும் புரோகிராமின் மூலநிரல் கையில் இருந்ததால், சிக்கியதும் காத்திருக்கும் எல்லோர் திரையிலும் செய்தி வருகிற மாதிரி மாற்றினார். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார்கள். நம் ஊரில் மோட்டார் ரூம் தண்ணீர் நிரம்பினால் பஸ்ஸர் அடிக்க வைக்கிறோமே, அந்த மாதிரி.

பிறகு ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒன்றை இனாமாகக் கொடுத்தது. அதுவும் சிக்கியது. பழைய வைத்தியத்தையே செய்யலாம் என்று பார்த்தால் மூலநிரல் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்து, போய்க் கேட்டார். தரமாட்டேன், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஸ்டால்மன் அதை மறக்கவே இல்லை. 1983 செப்டம்பரில் குனு திட்டம், 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 1989-ல் ஜிபிஎல் என்ற உரிமம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு, அடுத்த வருடமே அதை அந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். மீதிக் கதை ஊருக்கே தெரியும்.

ஜிபிஎல் சொல்வதை ஒரு வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். சாஃப்ட்வேரை வாங்கியவருக்கு அதன் மூலநிரலையும் தரவேண்டும். அவர் அதை மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது இதே நிபந்தனையோடுதான் கொடுக்க வேண்டும். அடமானச் சொத்தில் வில்லங்கம் கூடவே போகிற மாதிரி, சுதந்திரம் கூடவே போகும்.

இதில் புரட்சி எதுவும் இல்லை என்பது என் கட்சி. பழைய வால்வு ரேடியோவின் பின் அட்டையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பலவற்றில் உள்ளே ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்த வால்வு எந்த இடத்தில், சில மாடல்களில் முழு சர்க்யூட் படமே. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார். கம்பெனி அதை தானமாக ஒட்டவில்லை. ரிப்பேர் ஆகாத சாமானை அன்றைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். ரேடியோ என்பது அரை சொத்து.

சுமீத்தும் அந்த ஜாதிதான். நாலு ஸ்க்ரூ கழற்றினால் மோட்டார் தெரியும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம். மேலே கப்ளர் பல் உடைந்தால் அதைமட்டும் மாற்றலாம். காயில் எரிந்தால் ரீவைண்டிங். ஓவர்லோடு ஆகி நின்றால் அடியில் சிவப்புப் பொத்தான். இதற்கெல்லாம் கையேடு தேவையே இல்லை, பார்த்தாலே புரியும். மூலநிரல் கண்முன்னே சுற்றிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவுக்குக் கிளம்புகிற பெட்டியில் 110 வோல்ட் மிக்ஸி ஒன்று கட்டாயம் ஏறும். அதோடு விவரமானவர்கள் இரண்டு கப்ளரும் ஒரு ஜோடி கார்பனும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே ரீவைண்டிங் கடைக்கு எங்கே போவது? அங்கிருந்து 110 வோல்ட் மிக்ஸியைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கே 230-ல் சொருகிப் புகையவிட்ட குடும்பங்களும் உண்டு. அந்தக் கதை இன்னொரு நாள்.

பெங்களூருக்கு வருவோம்.

இந்த ஊரை ஐடி ஊர் என்கிறார்கள். அதற்கு முன் இது மிஷின் ஊர். 1948-ல் ஐடிஐ, டெலிபோன் செய்தது. 1954-ல் ஜாலஹள்ளியில் பெல், ராணுவத்துக்கு ரேடியோ செய்தது. எச்எம்டி வாட்ச் 1961-லிருந்து. அந்தக் காலனிகளில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் வேலை பார்த்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் எஸ்.பி. ரோடு. முழுப்பெயர் சாதர் பத்ரப்பா ரோடு. ரெசிஸ்டர், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், பழைய கம்ப்யூட்டர் போர்டு என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும் தெரு. இப்போதும் தம்பிக்கு ஏதாவது பார்ட் வேண்டுமானால் அங்கேதான் ஓடுகிறார். ஆன்லைனில் வாங்கினால் பத்து ரூபாய் கெபாசிட்டருக்கு அறுபது ரூபாய் கூரியர்.

இந்த ஊரில்தான் 2001 ஏப்ரலில் சிம்ப்யூட்டர் அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற பெங்களூர் கம்பெனியும் சேர்ந்து செய்தது. உள்ளங்கை அளவு, உள்ளே லினக்ஸ், விலை 9,000 ரூபாய்க்குள் என்பது கனவு. எனக்கு அதில் பிடித்தது ஸ்மார்ட் கார்டு ஏற்பாடு. ஊருக்கு ஒரு மிஷின், ஆளுக்கு ஒரு கார்டு. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வருகிற மாதிரி கார்டைச் சொருகினால் அவரவர் விவரம். கிராமக் கிளையில் வேலை பார்த்த எவனுக்கும் அந்த யோசனை உடனே புரியும்.

அதைவிட முக்கியம், அதன் வடிவமைப்பையே ஒரு பொது உரிமத்தின் கீழ் கொடுத்தார்கள். ஜிபிஎல் சாஃப்ட்வேருக்குச் செய்ததை மிஷினுக்குச் செய்துபார்த்தார்கள். யாரும் படத்தைப் பார்க்கலாம். விற்பதற்காகத் தயாரிப்பவர் ஒருதடவை கட்டணம் செலுத்த வேண்டும். மேம்படுத்தினால் அந்த மேம்பாட்டைப் பின்னர் அறக்கட்டளைக்குத் திருப்பித் தரவேண்டும். வால்வு ரேடியோவின் பின் அட்டை மறுபடி வந்த மாதிரி!

மிஷின் ஓடவில்லை. 2004-ல் அதே பெல் கம்பெனி தயாரிப்பில் அமிடா என்று விற்பனைக்கு வந்தபோது செல்போன் விலை இறங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்பார்த்த அளவுக்குப் பக்கத்தில்கூட விற்கவில்லை. தோல்வி என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். ஆனால் அந்த முயற்சியின்போது பிறந்த துவனி என்ற இந்திய மொழிப் பேச்சு மென்பொருள் மூலநிரலோடு வெளியில் வந்தது. அதைப் பிறகு வேறு ஆட்கள் எடுத்து வளர்த்தார்கள். மிஷின் செத்தது, உள்ளே இருந்தது பிழைத்தது. எங்கள் பாஷையில், கணக்கு வாராக்கடன், ஆனால் ஈடு நல்ல ஈடு.

அதே 2001-ல் இங்கே லினக்ஸ் பெங்களூர் என்ற வருடாந்திர மாநாடும் ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் அதுல் சிட்னிஸ். 2005-ல் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறி, 2012 வரை நடந்தது. 2013-ல் அவர் காலமானார். நாமெல்லாம் இலவசமாக எடுத்து உபயோகிக்கிறோம், திருப்பி என்ன கொடுக்கிறோம் என்பதுதான் அந்த மனிதர் விடாமல் கேட்ட கேள்வி. ஊர் முழுக்க எஞ்சினியர்கள், ஓப்பன் சோர்ஸில் எழுதுகிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு என்ற கோபம் அவருக்கு. பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பன்னேர்கட்டா ரோடு. நான் படித்ததிலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்.

அமெரிக்காவில் 1999-ல் டிவோ என்று ஒரு பெட்டி வந்தது. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து தரும். உள்ளே லினக்ஸ். ஜிபிஎல்படி மூலநிரலையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் அதை மாற்றி அந்தப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி ஓடாது. கம்பெனி கையெழுத்து இருக்கிறதா என்று வன்பொருளே பார்க்கும். சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு ரேடியோவுக்கு சீல் வைத்த மாதிரி. சட்டத்தின் எழுத்துக்குப் பிசகில்லை, அர்த்தம் போச்சு. லோன் சாங்ஷன் லெட்டர் கொடுத்துவிட்டு அக்கவுண்டை ஃப்ரீஸ் செய்தால் எப்படி இருக்கும்?

ஸ்டால்மனும் வழக்கறிஞர் எபன் மோக்லனும் உரிமத்தையே திருத்தி எழுத உட்கார்ந்தார்கள். 2006 ஜனவரியில் முதல் வரைவு. அதை விவாதிக்க உலகில் பல இடங்களில் மாநாடு. நாலாவது மாநாடு 2006 ஆகஸ்ட் 23, 24 தேதிகளில் பெங்களூரில், பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐஐஎம் வளாகத்தில் நடந்தது. நான் அந்த ரோட்டில் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வீட்டுச் சாமானைத் திறக்கும் உரிமையைப் பற்றி அந்த மதில் சுவருக்குள் உலக அளவில் விவாதித்திருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2007 மார்ச்சில் வந்த மூன்றாவது வரைவில் ஒரு புதுச் சொல் நுழைந்தது. பயனர் பொருள். அதற்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம்: தனி ஆளோ குடும்பமோ வீட்டு உபயோகத்துக்காக வழக்கமாக வாங்கும் பொருள். அப்படிப்பட்ட பொருளோடு இந்த உரிமத்தில் உள்ள மென்பொருளைக் கொடுத்தால், மாற்றிய மென்பொருளை அதிலேயே ஏற்றி ஓட்டுவதற்கு வேண்டிய தகவலையும் கொடுக்க வேண்டும். 2007 ஜூன் 29-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வெளியானபோது அந்தப் பிரிவும் அதில் இருந்தது. உலகத்தின் பெரிய சாஃப்ட்வேர் பத்திரம் ஒன்றில் சமையலறைக்கும் ஹாலுக்கும் தனியாக இடம் போட்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மிஷினில் என்ன பூட்டு போடுவது என்பது மிஷின் செய்பவன் பாடு, எனக்கு மூலநிரல் திரும்பி வந்தால் போதும் என்பது அவர் வாதம். லினக்ஸ் கருநிரல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. தம்பிக்கு லினஸ்தான் தெய்வம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் "அவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணதில்ல சார்" என்கிறார்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், தனியாக இருக்கிறார். ஆறு வருட வாஷிங் மெஷின் நடுவில் நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து போர்டு போச்சு, 9,800 ஆகும், அதற்குப் புதுசே வாங்கிடலாம் என்றார். தம்பி திறந்தார். போர்டு முழுக்கப் பசை மாதிரி ஊற்றி மூடியிருந்தது. ஈரம் போகாமல் இருக்க என்பார்கள், பாதி உண்மை. மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால் ஒரு ரிலே கருகியிருந்தது. பார்ட் நாற்பது ரூபாய். மெஷின் ஓடுகிறது. இன்னொரு வீட்டில் அதேபோல ஒன்று, பார்ட் எல்லாம் சரி, உள்ளே இருக்கும் சிப்பின் மென்பொருள் கெட்டுவிட்டது. அதைப் படிக்கவும் முடியாது, திரும்ப ஏற்றவும் முடியாது. நல்ல மோட்டார், நல்ல டிரம், எல்லாம் எடைக்குப் போயிற்று. அந்த வீட்டில் அதற்கு வாங்கிய கடனின் இஎம்ஐ இன்னும் ஐந்து மாதம் பாக்கி.

வருமான வரியில் தேய்மானம் மிஷினுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். வாஷிங் மெஷினுக்குள் கம்ப்யூட்டரை வைத்ததும், தேய்மானமும் ஓசைப்படாமல் 40-க்குப் போய்விட்டது போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கிகள் பெரிய சாஃப்ட்வேர் வாங்கும்போது எஸ்க்ரோ என்று ஒரு ஒப்பந்தம் கேட்பது உண்டு. மூலநிரலை மூன்றாவது ஆளிடம் வைத்துவிட வேண்டும். விற்ற கம்பெனி மூடிவிட்டாலோ சர்வீஸ் தராவிட்டாலோ அது வங்கிக்கு வரும். இது நியாயமான முன்ஜாக்கிரதை என்றுதான் எல்லா ஆடிட்டரும் சொல்வார்கள். கோடியில் வாங்குகிறவன் கேட்டால் முன்ஜாக்கிரதை, இருபதாயிரத்துக்கு வாங்கும் டீச்சரம்மா கேட்டால் மட்டும் வேடிக்கையா?

கம்பெனிகள் பாதுகாப்பு என்பார்கள். அதை முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மைக்ரோவேவ் அடுப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் அழுத்த கெபாசிட்டர் ஆளைத் தூக்கிப் போடும். தம்பி அதைத் தொடுவதில்லை, கேஸ் கீசரையும் தொடுவதில்லை. ஆனால் ரிலே கருகிய துணி மெஷினுக்கு என்ன பாதுகாப்பு ரகசியம்? கார் கம்பெனிகளும் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்த்தன. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் கருவிகளும் தராமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவர்கள் மேல்முறையீடு போனார்கள், அது வேறு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் கமிட்டி போட்டது. அந்த வருடம் டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தாங்களாகவே கையேடு, ஸ்பேர் விவரம் எல்லாம் அதில் தரவேண்டும். தாங்களாகவே!

டிவி விஷயத்தில் அமெரிக்காவில் ஒருவர் வேறு வழி பிடித்தார்கள். 2021 அக்டோபரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு விசியோ என்ற டிவி கம்பெனி மேல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. புரோகிராம் எழுதியவர்களாக அல்ல, கடையில் டிவி வாங்கிய வாடிக்கையாளராக. டிவிக்குள் ஜிபிஎல் மென்பொருள் இருக்கிறது, வாங்கியவர் என்ற முறையில் மூலநிரல் எங்களுக்குச் சேரவேண்டும் என்று. ஒப்பந்தத்தின் பலன் மூன்றாம் நபருக்கும் உண்டு என்ற வாதம். பி.காம். மெர்க்கண்டைல் லா பேப்பரில் மனப்பாடம் செய்து மறந்த பாடம், டிவி பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வருகிறது.

உங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவியில் செட்டிங்ஸில் போய் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்று எங்காவது இருக்கிறதா தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், பத்திருபது பக்கம் பொடி எழுத்தில். மூலநிரல் வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதவும் என்றும் பலவற்றில் போட்டிருப்பார்கள். தம்பி இரண்டு கம்பெனிக்கு எழுதினார். ஒன்று மூன்று வாரத்தில் லிங்க் அனுப்பியது. இன்னொன்றிலிருந்து பதில் இல்லை, நினைவூட்டல் போட்டுக்கொண்டே இருக்கிறார். ரெகவரி செக்‌ஷனுக்கு ஏற்ற ஆள்.

இந்த ஊரில் 2015-லிருந்து ரிப்பேர் கஃபே ஒன்று நடந்திருக்கிறது. அந்தாரா முகர்ஜி, பூர்ணா சர்க்கார் என்ற இருவர் ஆரம்பித்தது. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கியதன் கிளை என்று சொல்லலாம். கெட்ட சாமானைக் கொண்டுபோனால் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, நம்மையே சரிசெய்ய வைப்பார். தம்பி இப்போது அந்த முறையைத்தான் பால்கனியில் பின்பற்றுகிறார். ரிலேயைச் சால்டர் செய்தது டீச்சரம்மாதான், அவர் இல்லை. எழுபது வயதுக்கு மேல் கை நடுங்கும் என்று நான் நினைத்தேன், இவர் புள்ளி வைத்த மாதிரி வைத்தார். கோலம் போட்ட கை.

இன்னொரு வேலையும் ஓசைப்படாமல் நடக்கிறது. திறக்கும் ஒவ்வொரு போர்டுக்கும் தம்பி நோட்டில் சர்க்யூட் படம் வரைகிறார். எந்த ரிலே, என்ன வோல்ட், எஸ்.பி. ரோட்டில் எதைக் கேட்டு வாங்குவது, எல்லாம் பக்கத்திலேயே குறிப்பு. வரைந்ததை ஸ்கேன் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தினால் திருத்தத்தையும் போடுங்கள் என்ற நிபந்தனையோடு வெளியிடுகிறார். இதுவரை பதினேழு போர்டு. அதில் மூன்றைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் தப்பு கண்டுபிடித்துத் திருத்தியும் அனுப்பிவிட்டார்கள். பதினெட்டாவது எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், ஸ்க்ரூடிரைவர் நான்தான் பிடிக்க வேண்டுமாம்.